டெம்ப் போல்டரில் இருபத்துநான்கு வீடுகள்

"வணக்கம்! நீங்கள் யார்?" என்று கம்பியூட்டர் கேட்டது.

கேதீஸ்வரி தோளில் கிடந்த கைப்பையை இறக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மாலை அலுவலகத்தைப் பூட்டும்போது இதே கம்பியூட்டருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருந்தது. செட்டிபாளையத்தில் கட்டி முடித்த இருபத்துநான்கு வீடுகளில் எந்த வீடு எந்தக் குடும்பத்துக்கு என்பதும் தெரிந்திருந்தது. இப்போது திரையின் கீழ் மூலையில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஒதுக்கப்பட்ட வீடுகள்: 0" என்று காட்டியது.

"சேர்!" என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இது எல்லாத்தையும் மறந்திட்டு."

திட்ட முகாமையாளர் பாறூக் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். காத்தான்குடிக்காரர். பேரன்களோடு வீட்டில் இருக்கவேண்டிய வயதில், கடல் வந்துபோன பிறகு தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று இருப்பவர்.

"எல்லாத்தையுமா புள்ள?"

"என்னையும் சேத்து."

அவர் ஒரு மிடறு குடித்தார். "நம்மள மறந்தாப் பறவாயில்ல. அந்தச் சனத்துக்கு என்னத்தச் செல்றது?"

அந்தச் சனம், நான்கு வருடங்களுக்கு முன் கடல் வீட்டைக் கொண்டுபோன சனம். அன்றிலிருந்து தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். கொட்டில்களுக்குத் 'தற்காலிகத் தங்குமிடம்' என்று பெயர். வெயிலுக்கு உள்ளே இருக்க ஏலாது, மழைக்கு வெளியே இருக்க ஏலாது. வீடு கட்ட வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நடுவில் சண்டை வந்தது, றோட்டைப் பூட்டினார்கள், சீமெந்து வரவில்லை. சண்டை வடக்குப் பக்கம் நகர்ந்த பிறகுதான் இந்த இருபத்துநான்கு வீடும் கூரை கண்டன. அதற்குள் நாவற்குடாவில் இருந்த இந்த அலுவலகமும் தேய்ந்துவிட்டது. வாகனத்தைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் கட்டாருக்குப் போய்விட்டார். மிஞ்சியது முகாமையாளரும், தகவல் உத்தியோகத்தர் கேதீஸ்வரியும், இந்தக் கம்பியூட்டரும்தான்.

கம்பியூட்டருக்குள் 'கூடு' என்றொரு மென்பொருள் இருந்தது. வீடு கொடுப்பதில் ஓரவஞ்சனை நடக்கக்கூடாது என்று தலைமை அலுவலகம் செய்வித்தது. குடும்பத் தலைவரோ தலைவியோ நேரே வந்து கீபோர்டில் ஒரு கட்டையை அமத்த வேண்டும். கூடு தானே குலுக்கி ஒரு வீட்டு இலக்கத்தைக் காட்டும். கையால் எழுதி உள்ளே போட ஒருவராலும் ஏலாது. மறுநாள் கொழும்பிலிருந்து அனுமதி வரும். அதற்குப் பிறகுதான் உறுதிப் பத்திரம் அச்சாகும். பத்திரம் கையில் இருந்தால்தான் வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுக்கலாம்.

மறுநாள் வந்துவிட்டது. அனுமதியும் வந்துவிட்டது. கூட்டுக்குத்தான் ஒன்றும் ஞாபகமில்லை.

கேதீஸ்வரி கூட்டைச் செய்த இல்ஹாமுக்குப் போன் எடுத்தாள். ஓட்டமாவடிப் பொடியன். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை.

"அக்கா, கூடு ரெண்டு விசயத்த எழுதி வச்சிரிக்கி," என்றான் அவன். "ஒண்டு, தான் எப்பிடி வேலை செய்யோணும் எண்ட அமைப்பு. என்ன மொழி, எந்தப் பிரின்டர், எத்தின வீடு, அதுகள். மற்றது, இதுவரைக்கும் என்ன நடந்தது எண்ட ஞாபகம். ஆருக்கு எந்த வீடு எண்டு."

"அதெல்லாம் எங்க வச்சிருக்கு?"

"டெம்ப் போல்டர்ல."

"டெம்ப் எண்டா தற்காலிகமெல்லோ தம்பி?"

"ஓம் அக்கா. செய்யக்குள்ள அவசரத்துல அங்க வச்சன். பிறகு நல்ல இடமாப் பாத்து மாத்துவம் எண்டு நினச்சன். உங்கட தலைமை ஆபீஸ் ஒரு வேல செஞ்சிரிக்கி. ஒவ்வொரு நாளும் காலமை கம்பியூட்டரப் போட்டவுடன டெம்பத் துடைச்சு விடச் செல்லி."

கேதீஸ்வரி கண்ணை மூடினாள். இந்த நாட்டில் தற்காலிகம் என்று பெயர் வைத்த எதுவும் தானாக ஒழிந்ததை அவள் கண்டதில்லை, இந்த ஒரு போல்டரைத் தவிர.

"லேசான வேலதான்," என்றான் இல்ஹாம். "அமைப்பு எண்ட பக்கத்துக்குப் போய் இடத்த மாத்தி விடுங்க. வேற போல்டர் ஒண்டக் காட்டுங்க."

அவள் மாற்றினாள். கல்முனை பஸ்ஸில் ஏறிக் குடும்பங்கள் திரும்பவும் வந்தன. முதல் தரம் போல இல்லை. முகங்கள் கறுத்திருந்தன. ஆச்சிப்பிள்ளை என்ற மீன் விற்கிற பெண்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். உரத்த குரல்காரி.

"இது என்னகா விளையாட்டு? போன கிழம எனக்கு மூணாம் நம்பர் எண்டு சொன்னீங்க. வீட்டக் கும்பிட்டுப்போட்டு வேற வந்தன். இப்ப திரும்பவும் அமத்தட்டாம்!"

"கோவிக்காதீங்க அக்கா. மிசினில பிழை. இந்த ஒரு தரம் மட்டும்."

அமத்தினாள். பதினொன்று விழுந்தது.

மறுநாள் காலை கம்பியூட்டர் கேட்டது: "வணக்கம்! நீங்கள் யார்?"

"இடத்த மாத்தினன் தம்பி," என்றாள் கேதீஸ்வரி போனில். குரலில் அழுகை ஒரு மயிரிழையில் நின்றது.

"எங்க மாத்தினீங்க?"

"நீங்க சொன்ன அமைப்புப் பக்கத்தில."

"அந்தப் பக்கத்துல மாத்தினத்த கூடு எங்க எழுதி வச்சிரிக்கும்..." அவன் பாதியில் நிறுத்தினான். அவனுக்கே இப்போதுதான் விளங்கியது. "சொறி அக்கா. அதையும் டெம்ப்லதான் எழுதும்."

பாறூக் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "வீடு மாறிப் போயிட்டம் எண்டு ஒரு துண்டெழுதி, அத பழைய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிப்போட்டு வந்த மாதிரி."

அந்தக் கிழமை மாசி மாதத்து மழை விடாமல் பெய்தது. வாவி றோட்டுக்கு வந்தது. செட்டிபாளையம் கொட்டில்களுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க வாகனமில்லை. பாறூக் கொழும்புக்கு எழுதினார். கொழும்பு வருத்தம் தெரிவித்தது.

மழை விட்ட பிறகு மூன்றாவது தரம் கூப்பிட்டார்கள். இந்த முறை இல்ஹாம் கூட்டையே கொஞ்சம் திருத்தி அனுப்பியிருந்தான். இனி எல்லாம் டெம்புக்குள் இல்லை, கம்பியூட்டரைத் திறப்பவருடைய சொந்தப் போல்டருக்குள்.

கேதீஸ்வரி ஆச்சிப்பிள்ளையின் வாய்க்குப் பயந்துகொண்டு நின்றாள். ஆனால் ஆச்சிப்பிள்ளை சண்டை பிடிக்கவில்லை. நல்ல சேலை உடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நீட்டு வாங்குப் பலகையில் வந்து சாய்ந்து இருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தங்களுக்குள் பறைந்துகொண்டிருந்தார்கள்.

'பாவங்கள். கோபப்படவும் தெம்பில்லாமல் போய்விட்டது' என்று நினைத்துக்கொண்டாள் கேதீஸ்வரி.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்துக்குப் பொறுப்பான கொழும்பு மேடம் போன் எடுத்தாள். பாறூக்குக் காது கொஞ்சம் மந்தம். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். மேடத்தின் குரல் வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"மிஸ்டர் பாறூக், இது மூன்றாவது முறை. ஒதுக்கீடு ஒழுங்காக முடியாவிட்டால் அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கமாட்டேன். மே மாதக் கடைசிதான் எல்லை."

பாறூக் அவசரமாகப் பொத்தானைத் தேடினார். கிடைக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார்.

கேதீஸ்வரி யாருடைய முகத்தையும் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்தாள். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கல்லடியில் அவள் நடத்திய கம்பியூட்டர் வகுப்பைக் கடல் கொண்டுபோன பிறகு, ஒன்று முடிய ஒன்றாக நிறுவனங்களின் ஒப்பந்தத்தில்தான் வீடு ஓடியது. இதுவும் போனால் அடுத்தது இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த ஆள் வாங்க," என்றாள்.

பாதிப் பேர் முடிந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். "நீங்க ஆஸ்பத்திரிக்கிப் போங்க புள்ள. மிச்சத்த நான் பாக்கன்," என்றார் பாறூக். அவள் கம்பியூட்டரை மூடிவிட்டு ஓடினாள். பாறூக் தன் பெயரில் அதைத் திறந்தார். அவருடைய பெயரில் திறந்த கூடு அவருடைய போல்டரைப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. 'இருபத்துநான்கு வீடும் வெறுமையாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாகத் தொடக்கத்திலிருந்து குலுக்கியது.

அப்பாவுக்கு இரவே மூச்சுச் சீராகிவிட்டது. மறுநாள் கேதீஸ்வரி திறந்தால் பாதி ஞாபகம். பாறூக் திறந்தால் மறுபாதி ஞாபகம். இரண்டு பாதியிலும் ஏழாம் வீடு இருந்தது. ஒன்றில் அது ஆச்சிப்பிள்ளைக்கு. மற்றதில் அருமைநாயகத்துக்கு.

அருமைநாயகம் சொந்த வலையும் தோணியும் வைத்துக் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். கடலுக்குப் பிறகு வலையுமில்லை, தோணியுமில்லை. அவருக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று கேதீஸ்வரி முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கும் ஆச்சிப்பிள்ளைக்கும் ஒரே வீடு விழுந்திட்டு..."

"ஓ, அப்பிடியா பிள்ள?" என்றார் அவர். "அதுக்கென்ன. ஒண்டும் யோசியாதீங்க. எப்ப வரட்டும் எண்டு சொல்லுங்க, வாறம்."

அவள் போனை வைத்தாள். யாராவது ஒருத்தர் ஏசினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"ஆள் ஆளுக்கு வேற போல்டர்ல வைக்கிறது சரிவராது அக்கா," என்றான் இல்ஹாம். "கூட்டுக்கெண்டு சொந்த வீடொண்டு இரிக்கி, அது நிக்கிற போல்டர். அதுக்குள்ளயே வைப்பம். ஆர் திறந்தாலும் ஒரே ஞாபகம்."

இது வேலை செய்தது. நாலாவது தரம் குடும்பங்கள் வந்தன, அமத்தின, சிரித்துக்கொண்டு போயின. மறுநாள் காலை கம்பியூட்டர், "வணக்கம் கேதீஸ்வரி" என்றது. அவளுக்குக் கண் கலங்கியது. பாறூக் பேக்கரியில் ஒரு பணிஸ் பொதி வாங்கி வந்தார்.

அனுமதியும் வந்தது. அச்சடிக்கப் போனால், பத்திரத்தில் 'செட்டிபாளையம்' என்ற பெயர் 'செட்டிபாளயைம்' என்று விழுந்தது. இந்தப் பெயரோடு கொடுத்தால் செல்லாது என்றது கொழும்பு.

"எழுத்துப் பிரச்சினைதானே. புது வேர்சன் ஒண்டு அனுப்புறன். அஞ்சு நிமிசம்," என்றான் இல்ஹாம்.

அனுப்பினான். அவள் போட்டாள். புதுக் கூடு வந்து உட்காரும்போது, நல்ல பிள்ளையாகத் தான் இருக்கப்போகும் போல்டரை முதலில் வழித்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது.

"வணக்கம்! நீங்கள் யார்?"

செட்டிபாளையம் இப்போது எழுத்துப் பிழையில்லாமல் விழுந்தது. அங்கே யாருக்கும் வீடில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த முறை அவள் அழவில்லை. போன் எடுத்து, மிக அமைதியாக, "தம்பி, நான் சாகிறதுக்குள்ள இதுக்கொரு இடம் கண்டுபிடிச்சுத் தாங்க," என்றாள்.

பாறூக்தான் வழி சொன்னார். "புள்ள, இந்தக் கம்பியூட்டர நம்பேலா. வெளியால வைப்பம். அந்தக் கழுத்துல போடுற சாமான் இரிக்கே."

பென்ட்ரைவ். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூட்டுக்கு அதைக் காட்டிவிட்டாள். ஐந்தாவது தரம் குடும்பங்கள் வந்து அமத்தின. எல்லாம் பென்ட்ரைவுக்குள் போனது. மாலையில் அதைக் கழற்றி, கறுப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டாள். இருபத்துநான்கு குடும்பத்தின் வீடு நெஞ்சில் தொங்கியது. பஸ்ஸில் அதைக் கையால் பொத்திக்கொண்டு போனாள்.

பொத்திக்கொண்டு போனதுதான் பிழை. இராணுவத்தின் சென்றியில், சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அவளுடைய கையைப் பார்த்தான்.

"அது என்ன?"

"வீடு," என்றாள் வாய் தவறி.

"வீடு?"

"வீட்டு விபரம். சுனாமி வீடு. இருபத்திநாலு வீடு."

அவன் பென்ட்ரைவை வாங்கி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. "இருபத்திநாலு வீடு. இதுக்குள்ள." ஆனாலும் கட்டளை கட்டளைதான். உள்ளே கொண்டுபோய் ஒரு கம்பியூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு வந்தான். மரியாதையாகத் திருப்பித் தந்தான். "நல்ல வேலை. போங்க மிஸ்."

அந்தக் கம்பியூட்டரில் இருந்த வைரஸ் எல்லாம் நல்ல வேலையைப் பார்த்துவிட்டு அவளோடு வந்துவிட்டன. மறுநாள் பென்ட்ரைவைத் திறந்தால் வீடுகள் இல்லை. உள்ளே சீனத்து எழுத்துப் போல என்னவோ பெருகிக் கிடந்தது. அலுவலகக் கம்பியூட்டரும் காய்ச்சல்காரன் மாதிரித் தானாக அணைந்து அணைந்து எரிந்தது.

பாறூக் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். "இது என்ட யோசனதான் புள்ள. எனக்கிட்ட இனி ஒண்டும் கேக்காதீங்க."

கம்பியூட்டரைத் திருத்தி எடுக்க நாட்கள் போயின. குடும்பங்களுக்கு ஆறாவது தரமும் திகதி கொடுத்தாள். அந்தத் திகதி எப்படிப்பட்ட நாளாக அமையும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அது சண்டை முடிந்துவிட்டதாக அறிவித்த கிழமை. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கொடிகள் கட்டிய வாகனங்கள் ஓடின. நாவற்குடா ஒழுங்கைகளில் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு றேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டார்கள். யாரும் யாரோடும் கதைக்கவில்லை.

"இண்டைக்கி ஒருத்தரும் வரமாட்டாங்க," என்றார் பாறூக்.

அருமைநாயகம் மட்டும் வந்தார். பஸ் ஓடவில்லை. பாதித் தூரம் யாரோ ஒருவரின் சைக்கிளிலும் மிச்சம் நடையிலுமாக வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் பல வருடத்துக்கு முன் வடக்கே போனவன். இவ்வளவு காலமும் ஒரு தகவலும் இல்லை. இனி என்ன தகவல் வரும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஏன் ஐயா, இண்டைக்கு வந்தீங்க?"

"இண்டைக்கு வீட்டில இருக்க ஏலாமக் கிடந்தது பிள்ள."

அந்தத் தகரக் கொட்டிலை அவர் வீடு என்று சொன்னது கேதீஸ்வரிக்குப் பாவமாக இருந்தது. பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னமும் ஒண்டையும் ஞாபகம் வச்சிருக்கல்லையா?"

"இல்ல ஐயா."

"ம்." தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. "அதுக்கு மறக்கத் தெரியுது."

வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். போகும்போது, "திரும்பக் கூப்பிடுங்க. நாங்க வருவம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்தக் கிழமைக் கடைசியில் இல்ஹாம் நேரிலேயே வந்துவிட்டான். மேடம் அவனுடைய கம்பனிக்கும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, சாப்பிடவும் எழும்பாமல் வேலை செய்தான். கேதீஸ்வரி பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"என்ன தம்பி செய்றீங்க இப்ப?"

"முதல்லயே செஞ்சிரிக்க வேண்டியதத்தான் செய்றன் அக்கா. அமைப்பு ஒரு இடத்துல. ஞாபகம் வேறொரு இடத்துல. ரெண்டும் எல்லாருக்கும் பொதுவான இடம். கூட்டத் தூக்கிப்போட்டுப் புதுசு போட்டாலும் அது கிடக்கும். துடைக்கிறவன் கையும் எட்டாது. ஆர் திறந்தாலும் ஒண்டுதான் தெரியும்."

"அப்பிடி இடம் கம்பியூட்டருக்குள்ள முந்தி இருக்கல்லையா?"

"இரிந்தது," என்றான் இல்ஹாம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் பாக்கல்ல."

ஏழாவது தரம் குடும்பங்கள் வந்தன. ஒருவரும் குறைவில்லை. ஆச்சிப்பிள்ளை கட்டையைப் பார்க்காமலே அமத்தினாள். பழகிவிட்டது. பத்தொன்பது விழுந்தது. "பத்தொம்பதா? சரி, சரி," என்று சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கேதீஸ்வரி கைப்பையை இறக்காமல் கம்பியூட்டரைப் போட்டாள். பாறூக் பின்னால் நின்றார். இல்ஹாம் வாசலில் நின்றான், ஓடுவதென்றால் வசதியாக.

"வணக்கம் கேதீஸ்வரி. ஒதுக்கப்பட்ட வீடுகள்: 24."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பாறூக்.

அவள் கம்பியூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஞாபகம் இருந்தது. பாறூக்கின் பெயரில் போட்டாள். இருந்தது. கரண்ட் வயரைப் பிடுங்கிச் செருகினாள். இருந்தது. பிறகுதான் கதிரையில் விழுந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா தூங்குகிறாளா என்று தெரியாமல் இரண்டு ஆண்களும் நுனிக்காலில் வெளியே போனார்கள்.

பத்திரங்கள் அச்சாகின. மே மாதம் முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்தது. கொழும்பு மேடம் போனில், "வெரி குட். ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். மன்னாரில் புதிய திட்டம், அதற்கும் தரவுப் பதிவு வேண்டும், நாவற்குடாவிலிருந்தே செய்யலாம்," என்றாள். இந்த முறை பாறூக் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டார்.

அன்று பின்னேரமே கேதீஸ்வரியும் பாறூக்கும் பத்திரங்களையும் திறப்புகளையும் உறையில் போட்டு ஓட்டோ பிடித்து செட்டிபாளையம் போனார்கள். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தரம். கடற்காற்று அடித்தது. கேதீஸ்வரி உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். திறப்புக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். இவ்வளவு காலம் பொறுமையாக இருந்த உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், இப்படி ஏதாவது.

வீட்டுத் திட்டத்தின் வாசலில் ஓட்டோ நின்றது.

கொடியில் உடுப்புக் காய்ந்தது. கோழி மேய்ந்தது. ஒரு கூரையில் டிவி அன்ரனா நின்றது. எங்கோ மீன் குழம்பு கொதித்தது.

"யா அல்லாஹ்," என்றார் பாறூக். "ஆரோ குடியேறிட்டானுகள் புள்ள!"

கேதீஸ்வரி ஓட்டோவில் இருந்து இறங்கினாள். வேறு யாரோ வந்து வீடுகளைப் பிடித்துவிட்டார்கள். அந்தச் சனம் இன்னும் கொட்டிலுக்குள் கிடக்கிறது. கிட்டப் போனாள். முதல் வீட்டுக் கதவில் பெரிதாகப் பத்தொன்பது என்று பெயின்ரால் எழுதியிருந்தது. பெயின்ற் இன்னும் காயவில்லை. அதற்குக் கீழே சுரண்டிய அடையாளம். உற்றுப் பார்த்தால் வேறு இரண்டு இலக்கங்கள் தெரிந்தன, அவற்றுக்கும் கீழே ஏழு, அதற்கும் கீழே பதினொன்று. அடுத்த கதவிலும் அப்படி. அதற்கடுத்த கதவிலும்.

கதவைத் திறந்துகொண்டு ஆச்சிப்பிள்ளை வந்தாள். கையில் பெயின்ற் பிரஷ்.

"வந்திட்டீங்களா மகள்? சேரும் வந்திருக்காரு. இரிங்க, இரிங்க. கதவத் தொட்டிராதீங்க, ஈரம்."

"இது... நீங்க... எப்ப?"

"மாசி மழைக்குக் கொட்டிலுக்குள்ள இடுப்பளவு தண்ணிகா. மேசன்மாரு தங்கட திறப்பக் கதவிலயே விட்டிட்டுப் போயிருந்தாங்க. புள்ளைகளத் தூக்கிக்கொண்டு வந்து ஏறிட்டம். பிறகு எல்லாரும் குந்தியிருந்து, ஆருக்கு எது எண்டு பேசித் தீத்தம். ஒரு சண்டையுமில்ல. நீங்க நம்பர் தரத்தர, இருக்கிற கதவில மாத்தி மாத்தி எழுதிக்கொள்ளுறம்."

பாறூக் மெதுவாக அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தார். அருமைநாயகம் தன் வாசலில் இருந்து கையை உயர்த்திக் காட்டினார். ஒவ்வொரு கதவிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் பிடிபட்டுவிட்ட சிரிப்பு.

கேதீஸ்வரி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். மடியில் பிடித்து வந்த உறை இப்போது நெஞ்சோடு கிடந்தது.

"அப்ப, நான் கூப்பிட்ட நேரமெல்லாம் ஏன் அக்கா பஸ் ஏறி வந்தீங்க? மழை போனதுக்குப் பிறகு வந்ததெல்லாம் என்னத்துக்கு? எங்களுக்கு வீடு கிடைச்சிட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

ஆச்சிப்பிள்ளை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, உரத்த குரலைத் தணித்துச் சொன்னாள்:

"எங்களுக்கு வீடு கிடைச்சிட்டு மகள், உங்களுக்கு வேலை போயிரக்கூடா எண்டுதான் வந்து வந்து போனம்."